ரூலர் வைத்துக் குயில்டிங்: கோடு கோணினால், தையல் தாவினால், ஊசி உடைந்தால்

மேல்துணி, பஞ்சு, அடித்துணி என்று மூன்றடுக்கையும் சேர்த்துத் தைப்பது குயில்டிங். அதையே கெட்டியான அக்ரிலிக் ரூலரின் ஓரத்தை ஒட்டித் தைப்பதுதான் ரூலர் வேலை. ரூலர் வைத்துத் தைத்தால் கோடு தானாக நேராக வந்துவிடும் என்று நம்பித்தான் பலரும் இதில் இறங்குகிறோம். முதல் நாள் தைத்த கோடு ஓரிடத்தில் உப்பியிருக்கும், இன்னோரிடத்தில் நெளிந்திருக்கும். துணியைத் திருப்பினால் அடியில் நூல் கொத்தாகக் கிடக்கும். உடனே கை போகிற இடம், நூலின் இறுக்கத்தைக் கூட்டிக் குறைக்கும் டென்ஷன் திருகு. அதைத் தொடுவதற்கு முன் கொஞ்சம் பொறுங்கள். ஒரு குழந்தைப் போர்வைக்கு நான் தைத்த வளைவுகள் எல்லாம் ஒரு பக்கமாக நெளிந்துகொண்டே போயின. டென்ஷன், ஊசி, நூல் என்று எல்லாவற்றையும் மாற்றினேன், சரியாகவில்லை. கடைசியில் பார்த்தால் ரூலருக்கு அடியில் ஒரு சேஃப்டி பின் மாட்டியிருந்தது. ரூலர் அதன் மேல் ஏறி நின்று ஆடிக்கொண்டிருந்தது. அன்றிலிருந்து குறை எங்கே தெரிகிறது என்பதைவிட எங்கே பிறக்கிறது என்றுதான் முதலில் பார்க்கிறேன்.

அதற்கு இந்த வேலை எப்படி நடக்கிறது என்று தெரிந்திருக்க வேண்டும். ஃபுட் என்பது ஊசியைச் சுற்றி நிற்கும் மெஷினின் பாதம். ரூலர் ஃபுட் என்பது உயரமான விளிம்புள்ள வட்ட ஃபுட். அதன் வெளி விட்டம் அரை இஞ்ச். ஊசி அதன் நட்டநடுவில் இறங்கும். ஆகவே ஃபுட் ரூலரின் ஓரத்தை உரசிக்கொண்டு போகும்போது, தையல் ரூலரிலிருந்து கால் இஞ்ச், அதாவது 6.4 மில்லிமீட்டர் அளவு தள்ளி விழும். துணியை அடியிலிருந்து நகர்த்தும் ஃபீட் டாக் பற்களை இறக்கிவிடுகிறோம், அல்லது தகடு போட்டு மூடிவிடுகிறோம். அதனால் துணியை மெஷின் நகர்த்தாது, நம் கைதான் நகர்த்த வேண்டும். பெரிய லாங் ஆர்ம் மெஷினில் குயில்ட் சட்டத்தில் நிற்கும், மெஷின் ரூலரை ஒட்டி ஓடும். வீட்டு மெஷினில் இது தலைகீழ். மெஷின் அசையாது, ரூலரும் துணியும் ஒட்டிப் பிறந்தவைபோல ஒன்றாக நகர்ந்து ஃபுட்டைக் கடக்க வேண்டும். லாங் ஆர்மில் தைப்பதைப் பார்த்துவிட்டு வீட்டு மெஷினில் உட்காருகிறவர்கள் துணியை விட்டுவிட்டு ரூலரை மட்டும் தள்ளுவது இந்த வித்தியாசம் தெரியாததால்தான்.

எந்தக் குறை வந்தாலும் முதலில் காகிதச் சோதனை

பஞ்சு வைத்த மூன்றடுக்குத் துண்டு ஒன்று மிச்சம் இருக்கும் அல்லவா, அதன் மேல் பழைய காலண்டர் தாளின் வெற்றுப் பக்கம் மேலே தெரியும்படி வைத்து நான்கு மூலையிலும் டேப் ஒட்டுங்கள். மேல் நூலைக் கழற்றிவிடுங்கள், அடிநூல் சுற்றிய பாபினையும் எடுத்துவிடுங்கள். பழைய ஊசி ஒன்றைப் போட்டு, தாளின் மேல் ரூலரை வைத்து வழக்கம்போல ஓட்டுங்கள். தாளில் துளைகள் மட்டும் விழும்.

இப்போது தாளை வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். துளைகளின் வரிசையே கோணலாக இருந்தால் குறை ரூலரில் அல்லது கையில். வரிசை நேராக இருந்து, துளைகள் ஓரிடத்தில் நெருங்கியும் ஓரிடத்தில் விலகியும் இருந்தால் குறை வேகத்தில். துளைகள் இரண்டு வகையிலும் அழகாக இருந்து, துணியில் மட்டும் தையல் கெடுகிறதா? அப்போதுதான் ஊசி, நூல், டென்ஷன், பாபின் பக்கம் போக வேண்டும். இந்த ஒரு தாள் எனக்கு எத்தனையோ மணி நேரத்தை மிச்சப்படுத்தியிருக்கிறது.

"டக்" என்று ஒரு சத்தம், ஊசி உடைந்தது

மற்ற குறைகளுக்குத் தையலைப் பிரித்துவிட்டு மறுபடி தைக்கலாம். இது கண்ணுக்கு ஆபத்து, மெஷினுக்கும் ஆபத்து. ரூலர் வேலைக்குக் கண்ணாடி போட்டுக்கொண்டு உட்காருவது நல்ல பழக்கம்.

முதல் காரணம் ரூலரின் கனம். ஃபுட் மாட்டும் தண்டு, அதாவது ஷாங்க், எவ்வளவு உயரம் என்பதைப் பொறுத்து அது மாறும். லாங் ஆர்முக்கும் ஹை ஷாங்க் மெஷின்களுக்கும் 6 மில்லிமீட்டர், இடைப்பட்டவற்றுக்கு 4.5, லோ ஷாங்க் மெஷின்களுக்கு 3 மில்லிமீட்டர் என்று ரூலர்கள் வருகின்றன. ஃபுட்டை இறக்கிவைத்து, ஃபுட் மாட்டும் திருகிலிருந்து ஊசித் தகடு வரை அளந்து பாருங்கள். அரை முதல் முக்கால் இஞ்ச் இருந்தால் லோ ஷாங்க், ஒரு இஞ்சும் அதற்கு மேலும் இருந்தால் ஹை ஷாங்க். நம் வீடுகளில் இருக்கும் பழைய கறுப்பு மெஷின்கள் பெரும்பாலும் லோ ஷாங்க்தான். அவற்றில் 6 மில்லிமீட்டர் ரூலரை வைத்தால், ஊசிக் கம்பி கீழே வரும்போது ஊசியைப் பிடித்திருக்கும் திருகு ரூலரின் மேல்பக்கத்தில் மோதும். "டக்" சத்தம் பாதி நேரம் இதுதான்.

இரண்டாவது இதற்கு நேர் எதிர். துணி வெட்டுவதற்கான மெல்லிய பிளாஸ்டிக் ரூலரையோ பள்ளிக்கூட ஸ்கேலையோ வைத்துத் தைப்பது. ஃபுட்டின் விளிம்பைவிட ரூலர் மெல்லியதாக இருந்தால் ஒரு கணத்தில் அது ஃபுட்டுக்கு அடியில் நுழைந்துவிடும், ஊசி நேராக அக்ரிலிக் மேல் இறங்கும். துணியைக் கையால் நகர்த்தித் தைக்க வரும் சாதாரண டார்னிங் ஃபுட்டோடு ரூலர் வைப்பதிலும் இதே ஆபத்துதான். அந்த ஃபுட்டின் விளிம்பு தாழ்வானது, ஒவ்வொரு தையலுக்கும் எழும்பிக் குதிப்பது வேறு. செலவு மிச்சமாகும் என்று இதில் இறங்க வேண்டாம்.

மூன்றாவது பழக்கம். ரூலரை வைத்த பிறகு ஃபுட்டை இறக்குகிறோம், அல்லது ரூலர் பக்கத்தில் இருக்கும்போதே ஃபுட்டைத் தூக்குகிறோம். இரண்டிலும் ரூலர் ஃபுட்டுக்கு அடியில் நுழைய வழி கிடைக்கிறது. வரிசை எப்போதும் இதுதான்: ஊசியை இறக்கு, ஃபுட்டை இறக்கு, ரூலரை வை. முடிக்கும்போது ரூலரை எடு, பிறகு ஃபுட்டைத் தூக்கு.

புதிய ரூலர் எதை வாங்கினாலும் மோட்டாரை ஓட்டுவதற்கு முன் கைச்சக்கரத்தை ஒரு முழுச் சுற்று சுற்றிப் பாருங்கள். ரூலரை ஃபுட்டின் முன்னால், பின்னால், இடது, வலது என்று நான்கு பக்கமும் வைத்து நான்கு தடவை சுற்றுங்கள். எங்கேயும் தட்டக்கூடாது.

ஊசி ஏற்கெனவே மோதி உடைந்துவிட்டதா? உடைந்த துண்டுகளை எல்லாம் தேடி எடுத்து, சேர்த்து வைத்து, ஊசி முழுசாகிறதா என்று பாருங்கள். ஒரு துண்டு குறைந்தாலும் அது பாபின் பகுதியில் கிடக்கலாம். ஊசித் தகட்டின் துளையை விரல் நகத்தால் தடவிப் பாருங்கள். பிசிறு இருந்தால் நூலை அறுத்துக்கொண்டே இருக்கும். மிக மெல்லிய எமரி பேப்பரால் தேய்த்து எடுக்கலாம், பெரிய வெட்டு என்றால் தகட்டை மாற்றுவதுதான் வழி. புது ஊசி போட்டும் தையல் விழவே இல்லை என்றால் மோதியதில் டைமிங், அதாவது ஊசியும் அடியில் நூலைப் பிடிக்கும் ஹூக்கும் சந்திக்கும் நேரம், தவறியிருக்கும். அதை மெக்கானிக்கிடம் காட்ட வேண்டும்.

கோடு ரூலரை விட்டு விலகுகிறது, நடுவில் உப்புகிறது

தொடக்கமும் முடிவும் சரியாக இருந்து நடுவில் மட்டும் கோடு வயிறு தள்ளி நிற்கும். ஃபுட் அந்த இடத்தில் ரூலரை விட்டு விலகிவிட்டது, அல்லது ரூலர் சுழன்றுவிட்டது. இரண்டுக்கும் காரணம் கை இருக்கும் இடம்.

ரூலரின் ஒரு முனையை அழுத்திக்கொண்டு மறுமுனையில் தைத்தால் ரூலர் கடிகார முள் மாதிரி திரும்பும். அழுத்தும் கை எப்போதும் ஃபுட்டிலிருந்து நான்கு விரற்கடைக்குள் இருக்க வேண்டும். ஃபுட் அதைத் தாண்டிப் போய்விட்டால் நிறுத்துங்கள். ஊசி துணிக்குள் இறங்கிய நிலையில் நிற்கட்டும். கையை நகர்த்தி வையுங்கள், மறுபடி தொடங்குங்கள். ஊசி மேலே நிற்கும்போது கையை நகர்த்தினால் அந்த இடத்தில் ஒரு சின்னப் படி விழும், எத்தனை தடவை துவைத்தாலும் அது கண்ணில் படும்.

கை முழுவதையும் ரூலர் மேலேயே வைக்காதீர்கள். கட்டை விரலும் அடுத்த இரண்டு விரல்களும் ரூலரில், மோதிர விரலும் சுண்டு விரலும் துணியில். இப்படிப் பிடித்தால் இரண்டும் ஒன்றாக நகரும். வலது கை துணியைத் தட்டையாக வைத்துக்கொண்டு கூடவே வரட்டும். அழுத்தம் கீழ்நோக்கி இருக்க வேண்டும். பக்கவாட்டில், ஃபுட்டை நோக்கி, உரசுகிற அளவு மட்டும் போதும். பயத்தில் ரூலரை ஃபுட்டோடு இறுக்கித் தள்ளுகிறவர்களுக்கு ஃபுட்டே லேசாக வளையும், கோடு கால் இஞ்சிலிருந்து நகரும், சில நேரம் ஊசி ஃபுட்டின் உள் விளிம்பிலேயே மோதும். தோள் வலிக்கிறது என்றால் நீங்கள் அளவுக்கு மீறித் தள்ளுகிறீர்கள் என்று எடுத்துக்கொள்ளலாம்.

ரூலர் வழுக்குகிறது

ரூலரின் அடிப்பக்கத்தில் பிடிப்பு வேண்டும். அதற்கென்று விற்கும் ஒட்டுப் பட்டைகள் நன்றாகவே இருக்கின்றன. கிடைக்காத இடத்தில், மெல்லிய உப்புத்தாளை ஐந்து ரூபாய் நாணயம் அளவு வெட்டி இரட்டைப் பக்க டேப்பில் ஒட்டினால் போதும். சொரசொரப்பான உப்புத்தாள் வேண்டாம், துணியில் இழை எழும்பிவிடும். மருந்துக் கடையில் கிடைக்கும் துணிப் பிளாஸ்திரியும் நல்ல பிடி கொடுக்கும். எதை ஒட்டினாலும் நான்கு மூலையிலும் ஒரே கனத்தில் ஒட்டுங்கள், ஓரத்திலிருந்து சற்று உள்ளே தள்ளி ஒட்டுங்கள்.

விரலுக்குப் பிடிப்பு வேண்டுமென்றால் வங்கியில் பணம் எண்ணுகிறவர்கள் போடும் ரப்பர் விரலுறை இருக்கிறதே, அது தங்கமானது. எண்ணெய் தடவிய தலையைத் தொட்டுவிட்டு வந்து ரூலரைப் பிடித்தால் எந்தப் பட்டையும் உதவாது. ரூலரை சோப்புத் தண்ணீரில் கழுவி மென்மையான துணியால் துடையுங்கள். தின்னர், ஸ்பிரிட், சானிடைசர் எதுவும் அக்ரிலிக்குக் கூடாது. மெல்லிய விரிசல்கள் விட்டு மங்கிவிடும்.

வழுக்கலுக்கு இன்னொரு காரணம் ரூலரிலேயே இல்லை. குயில்ட்டின் எடை மேசையின் ஓரத்தில் தொங்கி இழுக்கிறது. நீங்கள் ரூலரைத்தான் பிடித்திருக்கிறீர்கள், துணி அடியில் நழுவிப் போகிறது. பெரிய குயில்ட் என்றால் இடது பக்கமும் பின்பக்கமும் ஏதாவது ஒரு மேசை, நாற்காலி, கட்டில் எதையாவது ஒட்டிப் போட்டு எடையைத் தாங்கச் செய்யுங்கள். துணியை இறுக்கிச் சுருட்டாமல் மெஷினைச் சுற்றிக் குவித்துவிட்டாலே பாதி இழுப்பு போய்விடும்.

ரூலர் தட்டையாக உட்காராமல் ஆடுகிறது

என் குழந்தைப் போர்வைக்கு நேர்ந்தது இது. சாதாரண குயில்டிங்கில் மூன்றடுக்கையும் நகராமல் பிடிக்க சேஃப்டி பின் குத்துவது வழக்கம். ரூலர் வேலையில் பின் பெரிய இடைஞ்சல். ரூலர் ஒரு பின் மேல் ஏறினாலும் மறுபக்கம் தூக்கும். கைத்தையலில் பெரிய பெரிய இழையாக ஓட்டிவிடுவதையோ, குயில்ட்டுக்கென்று வரும் ஒட்டு ஸ்ப்ரேயையோ நான் விரும்புவது இதனால்தான். பின்தான் என்றால் ரூலர் போகும் பாதையில் உள்ளவற்றை முன்கூட்டியே எடுத்துவிடுங்கள்.

பின் இல்லாமலும் ஆடுகிறதா? ஒட்டுத் துணிகள் சேரும் இடத்தில் தையல் விளிம்புகள் நான்கும் ஒரே பக்கம் மடிந்து மேடு கட்டியிருக்கும். அடுத்த முறை விளிம்புகளை இரு பக்கமும் விரித்து இஸ்திரி போடுங்கள். இப்போதைக்கு அந்த மேட்டைத் தாண்டும்போது வேகத்தைக் குறைத்து, கையை மேட்டுக்கு இந்தப் பக்கமே வைத்துக்கொள்ளுங்கள்.

குயில்ட்டின் ஓரத்தில் தைக்கும்போது ரூலரின் பாதி பஞ்சின் மேல் இருக்கும், மீதிப் பாதிக்கு அடியில் ஒன்றும் இருக்காது. மிச்சம் கிடக்கும் அதே பஞ்சையும் துணியையும் அடுக்கி, ஓரத்தை ஒட்டி வையுங்கள். இரண்டு பக்கமும் சம உயரமாகிவிடும்.

மெஷினின் தட்டு சின்னதாக இருந்தாலும் இதே கதைதான். ரூலர் தட்டைத் தாண்டியதும் கீழே சாயும். கடையில் விற்கும் நீட்டிப்பு மேசை இல்லையென்றால், மெஷின் தட்டின் உயரத்துக்கே ஒரு பலகையை அடியில் முட்டுக் கொடுத்து ஒட்டி வையுங்கள். மேலே வழவழப்பான லேமினேட் ஒட்டினால் துணி சிரமமில்லாமல் ஓடும். மெஷினை மேசைக்குள் இறக்கி வைத்திருக்கும் பழைய கால் மெஷின்காரர்களுக்கு இந்தத் தொல்லை மிகக் குறைவு. இரண்டு கையும் துணியில் இருப்பதால் கால் மெஷினில் ரூலர் வேலை தாராளமாகச் செய்யலாம். ஒரு கை சக்கரத்தில் மாட்டிக்கொள்ளும் கை மெஷினில்தான் முடியாது.

வலப்பக்கம் ஒரு இடைவெளி, இடப்பக்கம் வேறு இடைவெளி

ரூலரை ஃபுட்டின் வலப்பக்கம் வைத்து ஒரு கோடு, இடப்பக்கம் வைத்து ஒரு கோடு, முன்னால் ஒன்று, பின்னால் ஒன்று என்று தாளில் துளை போட்டு ரூலரிலிருந்து அளந்து பாருங்கள். நான்கும் ஒன்றாக இல்லையென்றால் ஊசி ஃபுட்டின் நடுவில் இறங்கவில்லை என்று அர்த்தம். ஜிக்ஜாக் போடும் மெஷின்கள் சிலவற்றில் நேர்த்தையலைத் தேர்ந்தால் ஊசி இடப்பக்கம் போய் நிற்கும், அதை நடு நிலைக்குக் கொண்டுவாருங்கள். அது சரியாக இருந்தும் வித்தியாசம் வந்தால் ஃபுட் திருகைத் தளர்த்தி, ஃபுட்டை லேசாக நகர்த்தி இறுக்குங்கள். அதற்கும் மசியாத ஃபுட் என்றால் ஒரே வரிசையை முழுக்க முழுக்க ஃபுட்டின் ஒரே பக்கத்தில் ரூலர் வைத்துத் தையுங்கள். வித்தியாசம் எல்லாக் கோட்டிலும் ஒன்றாக இருந்தால் கண்ணுக்குத் தெரியாது.

வட்டம் மூடவில்லை, அளவும் வேறாக வந்தது

அளவு தவறினால் கால் இஞ்சை மறந்துவிட்டோம் என்று பொருள். வட்டத் தகட்டின் வெளி ஓரத்தில் தைத்தால் தையல் வட்டம் தகட்டைவிட அரை இஞ்ச் பெரிதாக வரும். துளையின் உள் ஓரத்தில் தைத்தால் அரை இஞ்ச் சிறிதாக வரும். நான்கு இஞ்ச் வட்டம் வேண்டுமா, வெளியே தைக்க மூன்றரை இஞ்ச் தகடு, உள்ளே தைக்க நாலரை இஞ்ச் துளை. பெயர்ப்பலகை செய்யும் லேசர் கடைகளில் அக்ரிலிக் வெட்டி வாங்குகிறவர்கள் இந்தக் கணக்கைச் சொல்லித்தான் வரைபடம் கொடுக்க வேண்டும். வாங்கும்போது தகட்டின் கனத்தை வெர்னியரில் அளந்து பாருங்கள், ஓரத்தை விரலால் தடவி வழவழப்பாக இருக்கிறதா என்றும் பாருங்கள்.

தொடங்கிய இடத்துக்குத் திரும்பி வரும்போது இரண்டு மூன்று மில்லிமீட்டர் விலகி நிற்பது வேறு குறை. வட்டம் சுற்றுவதற்குள் கையை நான்கைந்து தடவை மாற்றி வைக்கிறோம், ஒவ்வொரு தடவையும் ரூலர் துளியளவு நகர்கிறது. தைப்பதற்கு முன் வட்டத்தின் நடுப்புள்ளி வழியாகக் கூட்டல் குறி போல இரண்டு கோடுகளைத் துணியில் வரைந்துகொள்ளுங்கள். ரூலரில் செதுக்கியிருக்கும் கோடுகள் அதோடு பொருந்தட்டும். ஒவ்வொரு கால் வட்டத்துக்கும் நிறுத்தி, ஊசி கீழே இருக்க, கோடுகள் இன்னும் பொருந்துகின்றனவா என்று பாருங்கள். அப்படியும் கடைசியில் சிறு விலகல் தெரிந்தால் முடிவதற்கு ஒரு இஞ்ச் முன்பாகவே ரூலரை மெல்லத் திருப்பித் தொடக்கப் புள்ளியில் சேர்த்துவிடுங்கள். கடைசி இரண்டு தையலில் திருத்தினால் மூக்கு மாதிரி நீட்டிக்கொண்டு தெரியும்.

இதழ்கள் மூலையில் சேரவில்லை, வரிசை போகப் போக நகர்கிறது

கட்டம் கட்டமாக ஒட்டிய துணியில் ஒவ்வொரு கட்டத்தின் ஓரத்தையும் வளைவால் இணைத்து நான்கு இதழ்ப் பூ தைப்பது ரூலர் வேலையில் எனக்கு மிகவும் பிடித்தது. ஆங்கிலத்தில் இதை ஆரஞ்சுத் தோல் என்பார்கள். பார்க்க நம் கோலத்தில் வரும் இதழ்தான். பாதையும் சிக்குக் கோலம் போலவே, இழையை அறுக்காமல் போகலாம். ஒரு வரிசையில் போகும்போது ஒரு கட்டத்துக்கு மேலே வளைந்து, அடுத்த கட்டத்துக்குக் கீழே வளைந்து போங்கள். திரும்பி வரும்போது அதற்கு எதிர்மாறாக வாருங்கள். இதழ்கள் தாமாக மூடும்.

மூலையில் சேராததற்குக் காரணம், ரூலரை மூலையில் கொண்டுபோய் வைப்பது. ரூலரின் ஓரம் மூலையைத் தொட்டால் தையல் கால் இஞ்ச் தள்ளி விழும். ஊசியைத் தொடக்க மூலையில் இறக்குங்கள். ரூலரை ஃபுட்டோடு ஒட்டுங்கள். ஃபுட்டை அச்சாக வைத்து, ரூலரின் மறுமுனை அடுத்த மூலையிலிருந்து சரியாகக் கால் இஞ்ச் தள்ளி நிற்கும்வரை திருப்புங்கள். கண்ணளவில் பார்க்காமல், கெட்டி அட்டையில் 6.4 மில்லிமீட்டர் அகலத்துக்கு ஒரு துண்டு வெட்டி வைத்துக்கொண்டு அதை இடையில் வைத்துப் பாருங்கள். ரூலரின் நடுக்கோடு கட்ட ஓரத்தின் நடுவில் நிற்கிறதா என்பதையும் பாருங்கள். இல்லையென்றால் இதழ் ஒரு பக்கம் சாயும்.

மீன் செதில் மாதிரி அடுக்கடுக்காக வரும் வளைவுகளில் குறை மெதுவாகச் சேரும். ஒரு செதிலுக்கு அரை மில்லிமீட்டர் நகர்ந்தால் இருபதாவது செதிலில் ஒரு சென்டிமீட்டர். முந்தைய செதிலைப் பார்த்தே அடுத்ததை வைக்காதீர்கள். நான்கு செதிலுக்கு ஒரு தடவை நிற்கும்படி குயில்ட் முழுக்க நேர்கோடுகளை முன்பே வரைந்துவிடுங்கள். விலகல் வந்தாலும் அந்த நான்குக்குள் பங்கிட்டுச் சரிக்கட்டலாம்.

தையல் ஒன்று நீளம், ஒன்று குட்டை

மெஷின் நிமிடத்துக்கு 600 தையல் போட்டால் நொடிக்கு 10. கை நொடிக்கு ஒரு இஞ்ச் நகர்ந்தால் இஞ்சுக்கு 10 தையல், பார்க்க நன்றாக இருக்கும். கை அரை இஞ்ச்தான் நகர்ந்தால் 20 தையல் நெருங்கிக் கயிறு மாதிரி தடிக்கும். பயத்தில் காலை அழுத்தாமல் கையை மட்டும் ஓட்டுகிறவர்களுக்குத் தையல் நீளும். வேகக் கட்டுப்பாடு உள்ள மெஷினில் பாதிக்கு வைத்துவிட்டு மிதியை முழுதாக அழுத்துங்கள். மெஷின் ஒரே சீராக ஓடும், கை மட்டும் பழகினால் போதும். வளைவின் உச்சியில் எல்லோருக்கும் கை தயங்கும். அங்கேதான் தையல் நெருங்குகிறது என்று தாள் காட்டிக்கொடுக்கும்.

தையல் தாவுகிறது

ஊசி அடிவரை இறங்கி இரண்டு மில்லிமீட்டர் சொச்சம் மேலே எழும்போது அதன் முதுகுப்பக்கம் நூல் ஒரு சிறு வளையமாக விரியும். ஹூக்கின் முனை வந்து அந்த வளையத்தைப் பிடிக்க வேண்டும். பிடிக்காவிட்டால் தையல் இல்லை. ரூலர் வேலையில் வளையம் இரண்டு விதமாகக் கெடுகிறது.

ஒன்று, ஃபுட் உயரமாக இருப்பது. ஊசி மேலே போகும்போது துணியும் கூடவே எழும்பும், வளையம் விரியாது. ஃபுட்டை இறக்கிய நிலையில் துணிக்கும் அதற்கும் நடுவில் ஒரு விசிட்டிங் கார்டு நுழைகிற இடைவெளி போதும். அதற்கும் குறைத்தால் துணி நகராமல் இழுபடும்.

இன்னொன்று, ஊசி துணியில் இருக்கும்போதே கை இழுப்பது. ஊசி வளையும், ஹூக் வரும் இடத்தில் வளையம் இருக்காது. ஒரு குறிப்பிட்ட திசையில் போகும்போது மட்டும் தாவினால் சந்தேகமே வேண்டாம், இதுதான். கையை மெதுவாக்குங்கள், ஊசியை ஒரு படி தடிமனாக்குங்கள். 11-ல் தைத்தால் 14-க்குப் போங்கள். ஊசியை மேலே முட்டும்வரை ஏற்றி மாட்டியிருக்கிறீர்களா என்றும் பாருங்கள். நீளமான பள்ளம் நூல் நுழையும் பக்கம் இருக்க வேண்டும்.

அடியில் நூல் கொத்து, கண்ணி கண்ணியாகத் தொங்குகிறது

அடியில் தெரிவதால் பாபினைக் குறை சொல்வோம். அடியில் தொங்குவது மேல் நூல்தான். மேல் நூலை யாரும் பிடித்து இழுக்காததால்தான் கீழே வழிந்து கிடக்கிறது.

ரூலர் ஃபுட் துணியைத் தொடாமல் மிதந்துகொண்டிருப்பதால் அது இறங்கியிருக்கிறதா இல்லையா என்று பார்வைக்குத் தெரியாது. லீவரை இறக்க மறந்துவிட்டால் டென்ஷன் தட்டுகள் திறந்தே இருக்கும், மூன்றாவது தையலிலேயே கொத்துக் கட்டும். லீவரைக் கையால் தொட்டுப் பார்ப்பதைப் பழக்கமாக்குங்கள். நூல் கோப்பதற்கு இது நேர்மாறு. ஃபுட்டைத் தூக்கிவைத்துக் கோத்தால்தான் நூல் தட்டுகளுக்கு நடுவில் போய் உட்காரும். தொடங்கும்போது ஒரு தையல் போட்டு, பாபின் நூலை மேலே இழுத்து, இரண்டு நூலையும் பிடித்துக்கொண்டு முதல் நான்கைந்து தையலைப் போடுங்கள்.

நேர்கோட்டில் ஒழுங்காக இருந்து வளைவில் மட்டும் அடியில் சீப்புப் பல் மாதிரி நூல் தெரிந்தால், வளைவில் கை வேகமெடுக்கிறது. கையை அடக்கியும் போகவில்லை என்றால், அப்போது மேல் டென்ஷனைக் கொஞ்சம் கூட்டலாம். பருத்திப் பஞ்சு வைத்த குயில்ட் என்றால் இரண்டு பாபினுக்கு ஒரு தடவை தகட்டைக் கழற்றித் தூசியைப் பிரஷ்ஷால் எடுங்கள், ஹூக் ஓடும் தடத்தில் ஒரு சொட்டு எண்ணெய் விடுங்கள்.

அடித்துணியில் சுருக்கம்

இதற்கு மெஷினில் மருந்து கிடையாது. விரிக்கும்போதே அடித்துணியைத் தரையில் நான்கு பக்கமும் டேப் போட்டு, தொய்வில்லாமலும் இழுத்துப் பிடிக்காமலும் ஒட்டி, அதன் மேல்தான் பஞ்சை விரிக்க வேண்டும். அடித்துணி ஒவ்வொரு பக்கமும் ஒரு சாண் அளவாவது மிஞ்சட்டும். நடுவிலிருந்து ஓரத்துக்குத் தைத்துக்கொண்டு போங்கள்.

வரைந்த கோடு அழியவில்லை

தண்ணீரில் அழியும் நீலப் பேனாவால் வரைந்துவிட்டு, கழுவுவதற்கு முன் இஸ்திரி போட்டால் கோடு நிலைத்துவிடும். முதலில் குளிர்ந்த தண்ணீரில் முழுதாக நனைத்து எடுங்கள், பிறகுதான் சூடு. இஸ்திரியில் மறையும் பேனாவுக்கு வேறு குணம். மறைந்த கோடு கடுங்குளிரில் திரும்பி வரும். குளிர் நாட்டில் இருக்கும் மகளுக்கோ பேரனுக்கோ அனுப்பும் குயில்ட்டில் அதைப் பயன்படுத்த வேண்டாம். அடர்நிறத் துணிக்குத் தையல்காரர் சாக்கே நல்லது, ரூலர் உரசி அழிந்தாலும் மறுபடி வரைந்துகொள்ளலாம்.

பிரித்த இடத்தில் துளை தெரிகிறது

தவறிய கோட்டைப் பிரிக்கும்போது மேல்பக்கத்தில் கை வைக்காதீர்கள். குயில்ட்டைத் திருப்பி, அடிப்பக்கத்தில் நான்கு தையலுக்கு ஒன்றாக வெட்டிக்கொண்டே போங்கள். பிறகு மேல் நூலை ஒரே இழுப்பாக உருவினால் வந்துவிடும். துளைகள் வரிசையாகத் தெரியும். தண்ணீரை லேசாகத் தெளித்து, விரல் நகத்தால் நெடுக்கும் குறுக்கும் தேய்த்தால் இழைகள் மறுபடி கூடும். துணி நன்றாகக் காய்ந்த பிறகே அந்த இடத்தில் மறுபடி ரூலரை வையுங்கள். ஈரத்துணி நீளும், அதில் போட்ட வளைவு காய்ந்ததும் சுருங்கும்.